ஆறாம் நிறத்தின் மூச்சு

மிதவை நகரத்தில் நோயாளி டாக்டரைத் தேடிப் போவதில்லை. டாக்டர்தான் நோயாளியைத் தேடி வருவார். யாருக்கு எங்கே மூச்சு முட்டப்போகிறது என்று முன்கூட்டியே சொல்ல அங்கே 'நாடி' என்ற இயந்திரம் இருந்தது.

நடுக்கடலில் ஒன்பது அடுக்காக மிதக்கும் ஊர் அது. டாக்டர், மருந்து, குடிதண்ணீர், மூடிய அடுக்குகளுக்குள் காற்றை இழுத்துவிடும் காற்றாடி, எல்லாமே அளவோடுதான் இருக்கும். மனிதர்கள் பங்கிட்ட காலத்தில் மேல் அடுக்குக்காரர்களே கணக்கை எழுதி, எல்லாவற்றையும் மேலேயே வைத்துக்கொண்டார்கள். அடிதடி நடந்தது. அதற்குப் பிறகுதான் நாடியைக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் ஒரு காப்பு. அது தோலுக்குள் துளி வெளிச்சத்தை அனுப்பும். இரத்தத்தில் பிராணவாயு நிறைய இருந்தால் வெளிச்சம் ஒரு விதமாகத் திரும்பிவரும், குறைந்தால் வேறு விதமாக. அவ்வளவுதான் சங்கதி. அப்படி வந்த எண்களை ஆண் பெண், நிறம், அடுக்கு என்று வகை பிரித்து, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை நாடி பங்கீடு போடும். அதனிடம் சிபாரிசு செல்லாது. மனிதன் கையால் எழுதிய ஒரு வரிகூடச் செல்லாது.

நிறத்தைப் பிரித்ததும் நல்ல எண்ணத்தில்தான். கறுத்த தோல் வெளிச்சத்தை விழுங்கிக்கொள்ளும். அதற்குத் தக்கபடி கணக்கைத் திருத்த வேண்டும். ஆகவே ஒன்று முதல் ஆறு வரை எண் கொடுத்தார்கள். ஆறு என்றால் நல்ல கறுப்பு.

இசக்கியும் ஆறுதான். உடன்குடிப் பக்கத்துப் பெண், புள்ளியியல் படித்தவள், நாடியைக் கண்காணிக்கும் எழுவர் குழுவில் ஒருத்தி. அந்தக் குழுவுக்கு வந்த முதல் ஆறாம் நிறப் பெண் அவள்தான். நகரத்தின் விளம்பரப் பலகைகளில் அவள் படம் சிரித்தது. குழுத் தலைவர் முகுந்தன், "நீங்க வந்து உக்காந்த அன்னைக்கே நம்ம விகிதம் அழகாயிடுச்சு இசக்கி" என்று வேடிக்கையாகச் சொல்வார். அவளும் சிரிப்பாள். வந்த கையோடு அவள் ஒரு விதியைப் போராடிச் சேர்த்திருந்தாள். ஏதாவது ஒரு வகையில் தகவல் இல்லாமல் போனால், அந்த இடத்தை நிரப்ப முதலில் அதே நிறத்து, அதே பாலினத்து ஆளைத்தான் தேட வேண்டும். எந்த அடுக்கு என்பதைக் கடைசியில் பார்த்தால் போதும். கறுத்த பெண்ணின் உடம்புக்கு வெளுத்த பெண் சாட்சி சொல்லக் கூடாது என்பது அவள் வாதம். முகுந்தனே எழுந்து நின்று கைதட்டினார்.

மழைக்காலம் முடிந்ததும் அடுத்த பங்கீடு. அதற்காக எண்களைச் சரிபார்த்தபோதுதான் அது அவள் கண்ணில் பட்டது. ஒன்பதாம் அடுக்கு, பெண், ஆறாம் நிறம். ஊரிலேயே ஆகச் சிறந்த நுரையீரல் அவர்களுக்குத்தான் இருந்தது. முதல் அடுக்கில் காலையும் மாலையும் நீச்சலடிப்பவர்களைவிடவும் நல்ல மூச்சு.

ஒன்பதாம் அடுக்கு என்பது கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கும் பாசித் தொட்டிகள். நகரத்தின் பாதி உணவு அந்தப் பாசியிலிருந்து வருகிறது. தூத்துக்குடி, மடகாஸ்கர், பப்புவா என்று பல கரைகளிலிருந்து வந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று அதைச் சுரண்டி எடுக்கிறார்கள்.

'தொட்டியில் நின்றால் நுரையீரல் வளருமோ?' என்று அவள் முதலில் வியந்தது உண்மை. இயந்திரம் சொல்வதில் ஒரு புதிர் கிடைத்தால் அவளுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். அந்த எண் எத்தனை பேரிடமிருந்து வருகிறது என்று தோண்டினாள்.

ஒருத்தியிடமிருந்து வந்தது.

"இதுல என்ன அதிசயம்?" என்றார் முகுந்தன். தேநீரை ஆற்றிக்கொண்டே, பொறுமையாக. கெட்ட மனிதர் இல்லை அவர். "காப்பு மூணு மாசம் தொடர்ந்து தப்பா படிச்சா அந்த ஆளைக் கணக்குலேர்ந்து எடுத்துடுவோம். பொய்யான எண்ணைவிட எண் இல்லாம இருக்கிறது மேல். நீங்களே சொல்லியிருக்கீங்க."

"எடுத்தவங்களோட எடை எங்க சார் போகும்?"

"மிச்சம் இருக்கிறவங்க மேல. நூறு பேர்ல பத்துப் பேர் பதில் சொன்னா, ஒவ்வொருத்தரையும் பத்துப் பேராப் பார்க்கிறோம். ஒரு பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம்."

"ஒரு பானைன்னா சரி சார். இங்க ஒரு பருக்கையை எடுத்துட்டு ஊர்ல உள்ள அத்தனை பானையும் வெந்துட்டுன்னு சொல்லுதோம். ஆயிரத்து நூத்துச் சொச்சம் பேரோட எடை ஒருத்தி தலையில இருக்கு."

முகுந்தன் கோப்பையை வைத்தார். "அந்த ஒருத்தியோட எண் சரியான எண்தானே?"

"சரியான எண்தான்."

"அப்ப விதிப்படி சரி."

இசக்கிக்கு ஒரு கேள்வி மட்டும் உறுத்தியது. எல்லாப் பெண்களின் காப்பும் கறுத்த, ஈரத்தில் ஊறிய தோலில் தோற்றுப்போக, இவளுடையது மட்டும் எப்படி வேலை செய்கிறது?

அவள் கீழே போனாள். மின்தூக்கி எட்டாம் அடுக்கோடு நின்றுவிட்டது. மிச்சத்தைப் படியில் இறங்க வேண்டும். பாதிப் படியிலேயே அழுகிய முட்டை வாடை முகத்தில் அடித்தது. துப்பட்டாவால் மூக்கைப் பொத்தினாள். கீழே தொட்டிக்கரையில் நின்ற பெண் ஒருத்தி பெரிதாகச் சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

"பொத்தாதீய மேடம். வாடை அடிச்சா நல்லது."

"நல்லதா?"

"பாசி அழுகுத வாயு இது. அடிக்குத வரைக்கும் பயமில்ல. ஒரு நாள் சட்டுனு அடிக்காமப் போவும். வாயு போயிட்டுன்னு நெனைச்சிராதீய. மூக்கு செத்துட்டுன்னு அர்த்தம். அடுத்தது நெஞ்சு." அவள் பெயர் ரொசாரி. மணப்பாட்டுக்காரி. "எனக்கு மூக்கு செத்து ரெண்டு வருசம் ஆச்சி. கருவாட்டுக்கும் கனகாம்பரத்துக்கும் வித்தியாசம் தெரியாது."

"நோய் முத்துனவங்க எங்க?"

"கப்பல்ல ஏத்தி ஊருக்கு அனுப்பிருவானுவ. ஒப்பந்தம் முடிஞ்சிட்டாம். அங்க போய்ச் சாவாளுவ. இங்க செத்தாத்தான இங்க கணக்கு?"

எண் கொடுக்கும் அந்த ஒருத்தி, அமலோற்பவத்தைத் தேடிவந்ததாக இசக்கி சொன்னதும் ரொசாரியின் முகம் மாறியது. "அவளா? துணிக்கிடங்குல இருப்பா. அவ தொட்டிக்கு வரமாட்டா" என்று சொல்லிவிட்டு, சற்றுத் தயங்கி, "நாங்க வரவிடமாட்டோம்" என்றாள்.

துணிக்கிடங்கு உலர்ந்த இடம். பக்கத்திலேயே வெளிக்காற்றுக் குழாய் ஒன்று திறந்திருந்தது. நாற்பது வயதுக்காரி ஒருத்தி துவைத்த உடுப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவள் கையைப் பார்த்ததும் இசக்கிக்கு விடை கிடைத்துவிட்டது. முழங்கை வரை கன்னங்கறுப்பு. காப்பு இருந்த மணிக்கட்டில் மட்டும் வெள்ளை வெளேரென்று வெண்புள்ளி படர்ந்திருந்தது.

ஆறாம் நிறத்துப் பெண்களில் இயந்திரத்தின் கண்ணுக்குத் தெரிந்தது, தோல் வெளுத்துப்போன ஒருத்திதான்.

"ஒட்டிக்கிடும்னு சொல்லித் தண்ணியில எறங்க விடல மேடம்" என்றாள் அமலோற்பவம், யாரையும் குறை சொல்லாத குரலில். "தோல் டாக்டர் ஊர்லயே சொல்லியிருக்காரு, ஒட்டாதுன்னு. அவளுவட்ட சொன்னாக் கேக்கணும்லா? ஒரே தண்ணியில இடுப்பளவு நிக்கணும். நானா இருந்தாலும் பயந்திருப்பேன். ஆரம்பத்துல அழுதேன். தனியாச் சோறு, தனியாப் படுக்கை. பொறவு பழகிட்டு."

அங்கேதான் இசக்கி தவறு செய்தாள். அவளைப் பொறுத்தவரை அது தவறே இல்லை. ஒரு பெண்ணுக்கு அவளைப் பற்றிய உண்மையை விளக்குவது. மடித்த துணிகளை எடுத்து அடுக்கி அடுக்கிக் காட்டினாள். இது தொட்டியில் நிற்கும் ஆயிரம் பேர். இவர்களை இயந்திரம் பார்க்கவில்லை. இது நீங்கள். இவர்கள் எல்லோருக்கும் பதிலாக நீங்கள் மூச்சு விடுகிறீர்கள். நீங்கள் நன்றாகத் தூங்கினால் ஆயிரம் பேரும் நன்றாகத் தூங்கினார்கள் என்று எழுதிக்கொள்ளும்.

அமலோற்பவம் அந்தத் துணிக்குவியலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பொ நான் நல்லா இருக்கதாலதான் இவளுவளுக்குக் காத்தாடி வரலயா?"

"உங்க குத்தம் இல்லக்கா."

"குத்தம்னு சொல்லல. கேட்டேன்." பிறகு நிதானமாகக் கேட்டாள்: "எனக்கு மூச்சு முட்டுனா?"

"ஆயிரம் பேருக்கும் முட்டுததா எடுத்துக்கிடும்" என்று இசக்கி ஆர்வத்தோடு சொன்னாள். அந்த ஏற்பாட்டின் அழகில் ஒரு கணம் மயங்கித்தான் சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான் எதிரே இருந்த முகத்தைப் பார்த்தாள். "அக்கா, நீங்க ஒண்ணும் செய்யக் கூடாது. நான் மேல போய்ப் பேசுதேன்."

மேலே போய்ப் பேசினாள். முகுந்தன் கடைசி வரை கேட்டார்.

"கீழ போய்ப் பார்த்தேன்னு சொல்றீங்க. பார்த்ததை நாடி ஏத்துக்காது. மனுஷன் பார்த்து எழுதினதுதான் அந்தக் காலத்துல பொய் சொல்லிச்சு. உங்களுக்கு ஒரு விலக்கு குடுத்தா நாளைக்கு முதல் அடுக்குக்காரனும் 'நானும் பார்த்தேன்'னு வருவான்."

"அப்பொ நம்ம நெஞ்சுல ஒட்டியிருக்கே, இதைக் குடுங்க அவங்களுக்கு." குழு உறுப்பினர்களுக்குப் புதுவகை ஒட்டு வந்திருந்தது. அது வெளிச்சத்தை நம்புவதில்லை; நெஞ்சில் ஒட்டிக்கொண்டு மூச்சின் ஓசையைக் கேட்கும். எந்த நிறமானாலும் ஒன்றுதான்.

"குடுக்கலாம். ஆனா புது ஒட்டும் பங்கீட்டுல வர்ற பொருள்தானே? தேவை இருக்குன்னு எண் காட்டணும்."

"எண் காட்டத்தான் ஒட்டு கேக்கேன் சார்!"

முகுந்தன் உண்மையான வருத்தத்தோடு தலையசைத்தார். "புரியுது. இந்தப் பங்கீடு போகட்டும், அதுக்கு அடுத்ததுல முதல் விஷயமா இதை எடுப்போம்."

அதற்கு அடுத்தது என்றால் இன்னும் ஐந்து வருடம்.

அடுத்த வாரம் ஒன்பதாம் அடுக்கின் எண் விழுந்தது. கிணற்றில் கல் போட்ட மாதிரி நேராக விழுந்தது. இசக்கி படிகளில் தாவித் தாவி இறங்கினாள்.

தொட்டிக்கரையில் அமலோற்பவம் படுத்திருந்தாள். உடுப்பு இடுப்பு வரை நனைந்திருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. அவள் தலையை ரொசாரி தன் மடியில் வைத்திருந்தாள். சுற்றிலும் ஈரத்தோடு பெண்கள் நின்றார்கள்.

"எதுக்குக்கா எறங்க விட்டீங்க?"

"எறங்கக் கூடாதுன்னு சொன்ன பாவிய நாங்கதான்" என்றாள் ரொசாரி. "மூணு வருசமா தீட்டுக்காரி மாதிரி ஒதுக்கி வச்சோம். இவ வந்து சொன்னா. நீங்க ஒதுக்குனதால என் மூச்சு நல்லாருக்கு, என் மூச்சு நல்லாருக்கதால ஒங்களுக்குக் காத்தாடி இல்ல, இப்பமாச்சும் எறங்க விடுங்கட்டின்னா. நாங்க என்னத்தச் சொல்ல? வாயு அதிகமாக் கெளம்புத மூலையிலதான் நிப்பேன்னு நின்னா. இழுத்தோம், வரல."

அமலோற்பவம் கண்ணைத் திறந்தாள். "தங்கச்சி, எண் எறங்கிச்சா?"

"எறங்கிட்டுக்கா."

அவள் சிரிக்க முயன்றாள். இருமல் வந்துவிட்டது.

டாக்டர் யாரும் வரவில்லை. இசக்கி மேலே ஓடினாள். திரையில் ஒன்பதாம் அடுக்கின் எண் பழையபடி உச்சத்தில் இருந்தது. பக்கத்தில் சின்னதாக ஒரு குறிப்பு: 'விலகிய மதிப்பு, நீக்கப்பட்டது.'

"ஒரே ஆள், ஒரே வாரத்துல இப்படி விழுந்தா அது கருவிப் பிழைதான்" என்று முகுந்தன் விளக்கினார். "எடை அதிகமா இருக்கிற ஆளுக்கு இந்தக் காவல் கட்டாயம் வேணும். இல்லேன்னா ஒருத்தர் தும்மினா ஊரே ஜலதோஷம்னு ஆயிடும்."

"மூணு வருஷமா அவ நல்லா இருந்தப்ப அது ஆயிரம் பேரோட உண்மை. நோய்ல விழுந்ததும் பிழையா?"

"அவங்களைக் கணக்குலேர்ந்து எடுத்தாச்சு இசக்கி. இனிமே அந்த அநியாயம் இல்லை. அதை நினைச்சு ஆறுதல்படுங்க."

அமலோற்பவத்தின் ஒப்பந்தம் முடிந்துவிட்டதாக மறுநாளே தாள் வந்தது. கப்பல்துறையில் அவளைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். இசக்கி கூடவே நடந்தாள். மன்னிப்புக் கேட்க வாய் எடுத்தவள் அழுதுவிட்டாள்.

"அழாதட்டி" என்றாள் அமலோற்பவம். ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று மூச்சு வாங்கினாள். "அவளுவகூட ஒரே தண்ணியில நின்னுட்டேன். ரொசாரி கையப் புடிச்சா பாத்தியா, வெள்ள கைய? ஒதறவே இல்ல." பலகையில் நாற்காலி ஏறும்போது திரும்பினாள். "ஒனக்கு வெவரம் தெரியும். என்னய மாதிரி அவசரப்படாத."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். இசக்கிக்கு அது புரிந்தது மறுநாள் காலையில்.

ஒன்பதாம் அடுக்கு, பெண், ஆறாம் நிறம். அந்த வகையில் இப்போது ஒருவரும் இல்லை. ஆனால் எண் வெறுமையாக இல்லை, நன்றாகவே இருந்தது. அருகிலிருக்கும் ஆளை வைத்து நிரப்பியிருந்தது நாடி. முதலில் நிறம், பாலினம், கடைசியில்தான் அடுக்கு. அவளே போராடிச் சேர்த்த விதி. நகரம் முழுக்கத் தேடி, சரியான எண் கொடுக்கும் ஆறாம் நிறப் பெண் ஒருத்தியை அது கண்டுபிடித்திருந்தது. குளிரூட்டிய அறை, நெஞ்சில் புது ஒட்டு, காலையில் பழச்சாறு. ஆயிரத்து நூற்றுச் சொச்சம் பேரின் எடை இசக்கியின் மேல் இறங்கியிருந்தது.

அவள் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தாள். ஒட்டு கேட்டுக்கொண்டிருந்தது. உள்ளே போன காற்று சுத்தமாக இருந்தது. அது அவளுக்கு முதல்முறையாக அருவருப்பாக இருந்தது.

முகுந்தனிடம் அவள் போகவில்லை. போயிருந்தால் இதையும் சரிசெய்து, அவளையும் கணக்கிலிருந்து எடுத்திருப்பார். அந்த இடத்தில் அடுத்த நல்ல மூச்சு ஒன்று வந்து உட்கார்ந்திருக்கும். அவள் நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துப் போட்டு, நீக்கும் விதியைப் படித்தாள். திடீரென்று விழுவதைத்தான் அது பிழை என்கிறது. மெல்ல மெல்ல, ஒரே சாய்வில், வாரத்துக்கு வாரம் கொஞ்சமாக இறங்குவதை அது நம்பும். பங்கீட்டு நாளுக்கு முன் எவ்வளவு இறங்கினால் ஒன்பதாம் அடுக்குக்குக் காற்றாடி வரும் என்பதையும் அவளால் கணக்குப் போட முடியும். அதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். போட்டாள்.

அன்றைக்கு மதியம் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு ஒன்பதாம் அடுக்குக்குப் போய்ச் சாப்பிட்டாள்.

மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும். ரொசாரி முதலில் திட்டினாள். விஷயத்தைச் சொன்னதும் திட்டுவதை நிறுத்தினாள். பிறகு தன் பக்கத்தில் இடம் ஒதுக்கிக் கொடுத்தாள். உணவு இடைவேளை முடிந்ததும் இசக்கி மேலே வந்து தன் எண்ணைப் பார்ப்பாள். சாய்வு கூடினால் ஒருநாள் போகாமல் இருப்பாள். குறைந்தால் வாயு கிளம்பும் மூலைக்குக் கொஞ்சம் நெருங்கி உட்காருவாள். வாழ்க்கையில் எந்தக் கணக்கையும் அவள் இவ்வளவு கவனமாகப் போட்டதில்லை. இரவில் படுத்தால் நெஞ்சில் யாரோ உட்கார்ந்திருப்பது போல இருந்தது. மாடிப்படி நீண்டுகொண்டே போயிற்று.

"கீழ போய்ச் சாப்பிடுறீங்களாமே" என்றார் முகுந்தன் ஒருநாள். "நல்ல விஷயம்தான். மக்களோட மக்களா இருக்கணும். அந்த வாடையை எப்படித் தாங்குறீங்க?"

"பழகிட்டு சார்" என்றாள்.

மழைக்காலம் முடியும் தறுவாயில், ஒரு மதியம், தொட்டிக்கரையில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ரொசாரி பாத்திரத்தின் மூடியைத் திறந்து கருவாட்டுக் குழம்பை அவள் தட்டில் ஊற்றினாள். கையில் கரண்டியோடு அப்படியே நின்று அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"தாயி, வாடை அடிக்கா?"

இசக்கி மூச்சை ஆழமாக இழுத்தாள். தொட்டியின் பக்கம் முகத்தைத் திருப்பி இன்னொரு முறை இழுத்தாள். பிறகு தட்டின் மேல் குனிந்து பார்த்தாள். ஆவி முகத்தில் பட்டது. அதற்கு வாசனை இல்லை.

"இல்லக்கா" என்றாள்.

கைகள் எல்லாம் தட்டில் அப்படியே நின்றன. ரொசாரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இசக்கி ஒரு வாய் பிசைந்து உண்டாள். மென்று விழுங்கிவிட்டுத் தட்டை நீட்டினாள்.

"இன்னும் ஒரு கரண்டி ஊத்துங்கக்கா. மேல போக நேரம் கெடக்கு."